ஈ

தளபதியின் முகம் கூடாது.
தொப்பி கூடாது, பதக்கம் கூடாது,
நாற்காலி காலியாக இருந்தாலும் கூடாது
என்று கேப்டன் ரெகால்டே கையெழுத்திட்ட தாள்
அச்சகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது.
நிமியா ஒவேலார் அதை இரண்டு முறை படித்தாள்.
"ஈயைப் பற்றி ஒன்றும் இல்லையே" என்றாள்.

நான் தகடு அரிக்கிறவன்.
அவள் மையில் போடும் கோட்டைத்
துத்தநாகத்தில் ஏற்றி அமிலத்தில் குளிப்பாட்டி எடுப்பேன்.
விரல் நுனிகளில் ரேகை கிடையாது எனக்கு;
அடையாள அட்டை அலுவலகத்தில்
அதற்கே ஒரு பகல் உட்கார வைத்தார்கள்.

மறுநாள் அவள் வரைந்தது சந்தை.
மரவள்ளிக் கிழங்கு விற்கிறவள், ஒரு கழுதை,
தேரேரே உறிஞ்சும் இரண்டு போலீஸ்காரர்கள்.
தராசுத் தட்டில் ஒரு ஈ.
அதற்கடுத்த நாள் படகுத்துறை. கயிற்றின் மேல் ஈ.
பிறகு தேவாலயம், பிறகு பல் டாக்டர் வாசல்,
பிறகு அசுன்சியோன் போகும் பேருந்தின் கூரை.
மூன்றாம் வாரம்தான் ஊருக்கு உறைத்தது:
ஈ தெற்கே போய்க்கொண்டிருக்கிறது,
தலைநகருக்கு.

அதுவரை ஈயோட்டிக்கொண்டிருந்த பத்திரிகைக் கடைகளில்
விடிவதற்குள் வரிசை.
ரொட்டிக்காரன் விரலை வைப்பான்,
அவன் மனைவி தலையசைப்பாள். அவ்வளவுதான்.
ஸ்பானிய மொழியில் கேட்டால் தெரியாது என்பார்கள்.
குவாரானியில், காதோரம், "ம்பெரு."
உதடு ஒட்டிப் பிரியும் அந்தச் சத்தமே
சிறகடிப்பது போலிருக்கும்.

கேப்டன் பூதக்கண்ணாடி வாங்கினார்.
மாலைதோறும் தகட்டின் மேல் குனிந்து
ஈயைத் தேடிச் சுரண்டி எறிவார்.
(சொல்லக்கூடாது, ஆனால் எங்கள் பத்திரிகையை
அவரைப் போல் ஊன்றிப் படித்தவர் வேறில்லை.)
அவளோ ஈயை நிழலிலேயே உட்கார வைத்தாள்;
சுரண்டிய இடம் இருட்டில் வெள்ளை ஓட்டையானது.
ஊர் அந்த ஓட்டையின் மேல் விரல் வைத்தது.
பிறகு அவர் முற்றுப்புள்ளிகளைச் சந்தேகித்தார்.
தலையங்கத்தில் மை தெறித்ததற்கு
என்னிடம் எழுதி வாங்கினார்.

மே மாத அணிவகுப்பு. தொலைக்காட்சியில் நேரடி.
தளபதி "ஒழுங்கு" என்று சொல்லி நிறுத்தினார்.
நிஜ ஈ, எவரும் வரையாதது,
வந்து மீசையில் உட்கார்ந்தது.
கை ஓங்கினார். பறந்தது. திரும்பி வந்தது.
இரண்டாவது அறை ஒலிபெருக்கியில் கேட்டது.
முன் வரிசை அமைச்சர்கள் முகத்தில் ஈயாடவில்லை;
நாட்டிலேயே ஈயாடிய முகம் அது ஒன்றுதான்.
மதுக்கடையில் நாங்கள் நாற்பது பேர்
சிரிக்காமல் இருந்தோம்.
சிரிக்காமல் இருப்பது எவ்வளவு சத்தமான காரியம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிரவே அவளைக் கொண்டுபோனார்கள்.
ஈ யார் என்று கேப்டன் கேட்டாராம்.
"ஈ ஈதான், கேப்டன்.
அது எங்கே போகிறது என்று மட்டும் வரைந்தேன்.
அங்கே என்ன அழுகுகிறது என்று
நான் எப்படிச் சொல்வது?"
இதை யார் கேட்டார்கள், யார் வெளியே கொண்டுவந்தார்கள், தெரியாது.
அவள் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
ஊர் சொல்லிக்கொண்டது.

இப்போது அந்தக் கட்டத்தில் பூ.
லபாச்சோ மலர், பக்கவாட்டுத் தோற்றம்,
அமைச்சகமே அனுப்புகிற படம்.
ஈயடிச்சான் காப்பியாகத் தகட்டில் ஏற்றுவது என் வேலை.

நேற்றிரவு அச்சகத்தில் ஈ காக்கை இல்லை.
எனக்கு வரையத் தெரியாது, ஒரு கோடு நேராக வராது.
தார்க்கிண்ணத்தில் தூரிகை நனைந்து கிடந்தது.
தார் பட்ட இடத்தை அமிலம் தின்னாது;
அது மட்டும் எழுந்து நின்று மை வாங்கும்.
துளி விழுந்தது.
விழுந்தது என்றுதான் எழுதிக் கொடுப்பேன்.

காலையில் ரொட்டிக்காரன் தாளை விரித்தான்,
கண்ணருகே கொண்டுபோனான்.
என்னைப் பார்க்கவில்லை.
விரலை மட்டும் இதழின் மேல் வைத்தான்,
பறந்துவிடப் போகிறது என்பது போல
மெதுவாக.